பனைக்காரனும் சம்புக்காரனும்

எனக்கு எழுபது முடிந்து ஒரு வயது ஆகிறது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேர். பெற்றது மூன்று. மிச்சம் இரண்டு பேரை என் பத்து வயதிலேயே இடுப்பில் தூக்கிவிட்டேன். ஒருவன் என் தம்பி, இன்னொருத்தி என் பெரியப்பா மகள். ஐந்தும் இன்றைக்குத் தங்கள் காலில் நிற்கிறது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வது?

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் கை ஓடாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி நோட்டில் எழுதுகிறாள். என் பேச்சுக்குக் கொஞ்சம் தலை வாரிவிட்டு எழுதுகிறாள். எழுதட்டும். ஆனால் மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

என் வயதுக்காரிகளே, உங்களில் யாராவது ஏரிக்குள் இறங்கி ஆளுயரச் சம்புப் புல் அறுத்திருந்தால், நான் சொல்லப்போவது சட்டென்று பிடிபடும். அறுக்காதவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மாதம் பேத்தி என்னைச் சிறுசேரிக்குக் கூட்டிப்போனாள். அவள் வேலை செய்யும் கம்பெனியில் வீட்டு மனிதர்களைக் கூட்டிவந்து காட்ட ஒரு நாள் விடுகிறார்களாம். கண்ணாடிக் கட்டடம், பச்சைப் புல், டம்ளரில் காப்பி. எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனால் ஒரு குட்டை. குட்டை நிறையச் சம்பு. சம்புத் தட்டைகளுக்கு நடுவே, தண்ணீருக்கு மேல் என் இடுப்பு உயரத்தில், உருண்டையாக ஒரு கூடு. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"இன்னா ஆயா, பயந்துட்டியா? குருவிக் கூடுதான் அது" என்றாள் பேத்தி.

"தெரியும்டி. அதனாலதான்" என்றேன்.

அறுபது வருஷம் மூடிவைத்ததை அன்றைக்குத்தான் திறக்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணைப் பக்கம், ஏரிக்கரைக்கு அடியில் இருந்தது. பதினைந்து கூரை வீடுகள். தாம்பரம் தாண்டினால் கரி வண்டி புகை விட்டுக்கொண்டு போகும் காலம் அது. கரை எங்கள் கூரையைவிட உயரம். ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கள் தலைக்கு மேலே நிற்கும். நடுவில் வெறும் மண்தான். ஐப்பசி வந்தால் வீட்டின் பின்சுவர் வியர்க்கும். விரலால் தொட்டு வாயில் வைத்தால் சேற்று ருசி இருக்கும். ராத்திரி படுக்கும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டாமல் படுப்பேன். முதுகைக் காட்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மழை எவ்வளவு வரும் என்று எங்களுக்குச் சொன்னது தூக்கணாங்குருவி. தண்ணீர் எட்டாத உயரத்தில்தான் அது கூடு கட்டும் என்பது எங்கள் ஜனத்தின் கணக்கு. கரைமேல் மூன்று பனை இருந்தது. ஒன்று நெட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று வளைந்து தண்ணீர்மேல் சாய்ந்தது. சாய்ந்த பனையில் கட்டினால் மழை கம்மி, எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். நெட்டையில் கட்டினால் ஆடு, நெல்லு, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் ரயில் ரோட்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். புரட்டாசி முதல் சனிக்கிழமை என் பெரியப்பா கரையேறி நின்று பார்த்துச் சொல்லுவார். அவர் வாக்குத் தப்பியதே இல்லை என்பார்கள். தப்பிய வருஷங்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் வைகாசியில் பெரியப்பாவே மூன்று பனையையும் வெட்டினார். மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், அதற்குப் புது வீடு, வீட்டுக் கூரைக்குப் பனைவாரை. யார் கேட்பது? ஆடி மாதம் குருவிகள் வந்தன. பனை நின்ற இடத்துக்கு மேலே வெறும் ஆகாசத்தில் இரண்டு நாள் சுற்றின. இல்லாத மரத்தைச் சுற்றிக்கொண்டு அவை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.

இங்கே நான் ஒன்று விளக்க வேண்டும். எங்கள் ஏரியில் தூக்கணாங்குருவி இரண்டு தினுசு. பெயர் ஒன்றுதான், குருவி இரண்டு. நான் எனக்குள்ளே ஒன்றைப் பனைக்காரன் என்றும் மற்றதைச் சம்புக்காரன் என்றும் கூப்பிடுவேன்.

இரண்டுக்கும் ஆணுக்குத் தலை மஞ்சள். முகத்தில் கரி பூசியது மாதிரி இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. கிட்டே போனால்தான் தெரியும். பனைக்காரனுக்கு மாரும் மஞ்சள், கோடு கிடையாது, மஞ்சள் தேய்த்துக் குளித்தவள் மாதிரி சுத்தமாக இருக்கும். சம்புக்காரனுக்கு மார் வெளுப்பு. அதில் கரிக்கோடு இழுத்து இழுத்து விட்டிருக்கும். பெட்டைக்கும் மாரில் கோடு உண்டு. பனைக்காரன் கூட்டமாகக் கத்துவான், சந்தை மாதிரி. சம்புக்காரன் சத்தம் மெல்லிசு, கீச்சுக் கீச்சென்று தனக்குள்ளே பேசிக்கொள்வான்.

கூடு அதைவிட வித்தியாசம். பனைக்காரன் கூடு ஓலை நுனியில் சுரைக்குடுக்கை மாதிரித் தொங்கும், காற்றில் ஆடும். கீழே நீளமாக ஒரு குழாய், அதுதான் வாசல். சம்புக்காரன் கூடு தொங்காது. நாலைந்து தட்டைகளைச் சேர்த்துப் பின்னி நடுவில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். குழாய் இருக்காது, இருந்தாலும் விரல்கடை நீளம்தான். உள்ளே ஈர மண் அப்பி, அதன்மேல் கருவேலம்பூவை ஒட்டி வைத்திருக்கும். எதற்கு என்று தெரியாது. அவன் எந்த வருஷமும் மேலே ஏறினதில்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும் அவனுக்கு இடுப்பு உயரம்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும்? மாட்டுக்குச் சம்பும் கோரையும் அறுக்க ஏரிக்குள் இறங்கினது பெண்களும் பெண் பிள்ளைகளும். ஆண்கள் கரைமேல் நின்று பனையை நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் சம்புக்குள் குனிந்து நடந்தோம். அவ்வளவுதான்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. பெரியப்பா கரையேறிப் பார்த்தார். பனை இல்லை. ஊரே கீழே நின்று அவர் வாயைப் பார்க்கிறது. கண்ணைச் சுருக்கி ஏரிக்குள் பார்த்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல்முறையாகச் சம்புக்குள் இறங்கினார். கையில் இருந்த கம்பைத் தண்ணீரில் ஊன்றி அளந்தார். திரும்பி வந்து, "கீழதான் கட்டிகீது. இந்த வருசம் தண்ணி என் இடுப்பத் தாண்டாது. எவனும் மூட்ட கட்டாதீங்க" என்றார்.

ஜனத்துக்குச் சிரிப்பு, நிம்மதி. எனக்கு இல்லை. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். மேட்டுக்குப் போக வேண்டிய முதல் ஆள் அவள்தான். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பெரிப்பா, அது வேற குருவி."

"இன்னாடி வேற? குருவில கூட சாதி பாக்கறியா நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அவர் அண்ணன் சிரித்தால் சிரிப்பார், அண்ணன் முறைத்தால் முறைப்பார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "நீ சொன்னது சரிதான்" என்றாள்.

"அப்ப நீ போயி சொல்லேம்மா."

"மூத்தாரு முன்னாடி நான் எப்டிடி வாயத் தொறப்பேன்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. புருஷனின் அண்ணன் முன்னால் அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை நிற்க மாட்டாள், நேராகப் பேச மாட்டாள். அவசரம் என்றால் குழந்தையிடமோ சுவரிடமோ சொல்லுகிற மாதிரி சொல்லுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் பெரியப்பா அம்மாவின் குரலை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அண்ணன்தான் சொல்ட்டாரே, அப்புறம் இன்னான்னாரு."

ஒரு வாரம் போனது. கட்டெறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு கூரை ஏறியது. அடுப்படியில் மண்புழு வந்தது. நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள். ஒரு நாள் விடிந்ததும் அருவாளை என் கையில் கொடுத்தாள்.

"போயி சம்புலேர்ந்து ஒரு கூடு அறுத்துகினு வா. முட்ட கீறதா பாத்து எடு."

"முட்ட கீறதாவா? பாவம்மா."

"சொன்னத செய்யிடி."

தினமும் இறங்குகிற ஏரிதான். அன்றைக்கு மட்டும் தண்ணீர் வேறு மாதிரி இருந்தது. காலடிச் சேறு சில்லென்று கணுக்காலைப் பிடித்தது. சம்பு தலைக்கு மேல் மூடிக்கொண்டது. எங்கேயோ தண்ணீர்ப் பாம்பு வழுக்கிப் போகும் ஓசை. கூட்டுக்குப் பக்கத்தில் போனதும் ஆண் குருவி என் முகத்துக்கு நேரே வந்து வந்து திரும்பியது. அதன் மாரில் இருந்த கோடுகளை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலு தட்டையை அறுத்தேன். கூட்டுக்குள் விரலை விட்டேன். மூன்று முட்டை, சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் இந்த விரல் நுனியில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

எங்கள் அடுப்படியில் பழைய பனைக்காரன் கூடு ஒன்று மாட்டியிருந்தது. அதற்குள் அம்மா புடலை விதை போட்டு வைப்பாள். அதையும் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போனேன். வெட்டின பனை அங்கேதான் வாரை வாரையாகக் கிடந்தது. அதன்மேல் இரண்டு கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அப்பாவும் அக்கம்பக்கத்து ஜனமும் கூடிவிட்டார்கள். அம்மா என் பின்னாலேயே வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"பாரு பெரிப்பா. இது பனையில இருந்தது. இது சம்புல இருந்தது. இதுக்கு கொழா கீது, இதுக்கு இல்ல."

பெரியப்பா குனிந்து பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு நிமிர்ந்து, "இது பிஞ்சு கூடுடி. இன்னும் கட்டி முடிக்கல. முடிச்சா கொழா வெச்சிருக்கும்" என்றார்.

சுவருக்குப் பின்னால் இருந்து என் அம்மாவின் குரல் வந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொல்லுகிற மாதிரி, நிதானமாக.

"முட்ட உட்டப்புறம் எந்தக் குருவிடி வூடு கட்டிகினு கீது? கேளு."

பெரியப்பா சம்புக் கூட்டுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்த உள்ளங்கையில் மூன்று முட்டை இருந்தது. அவர் முகம் மாறியது. ஒப்புக்கொள்ளப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"முட்டையோட பிடுங்கினியா? நெறமாசக்காரி கீற வூட்லேர்ந்து போயி முட்டையோட கூட்ட அறுத்தியா?"

கூட்டத்தில் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். குருவி உயரம், மழை, தண்ணீர் எல்லாம் அங்கேயே விட்டுப்போனது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டார் கூட்டைப் பிரித்தால் வயிற்றுப் பிள்ளை தங்காது, அந்தப் பாவம் அக்கம்பக்கத்தையும் பிடிக்கும் என்று எங்களில் எல்லாரும் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன். எனக்கு அங்கேயே பாவாடை நனைந்துவிட்டது.

பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "இந்தப் பாவம் கரைக்கு அடியில இருக்கக் கூடாது. உன் பொண்டாட்டியயும் பொண்ணயும் இன்னிக்கே மாடம்பாக்கத்துக்கு அனுப்பு. அவ அண்ணன் வூட்ல பெத்து, தீட்டு கழிஞ்சி வரட்டும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

நான் முட்டைகளை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். கூட்டை நாரால் கட்டி வைத்து, அதற்குள் விட்டேன். தூரமாக நின்று பார்த்தேன். குருவி வரவில்லை. முட்டை அதற்குள்ளாகவே ஆறிப்போயிருந்தது.

நாங்கள் கிளம்பினபோது நல்ல வெயில். ஆகாசத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என் தலையில் ஒரு மூட்டை, அம்மா கையில் ஒரு சொம்பு. எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை. கடைசி வீட்டைத் தாண்டும்போது பெரியம்மா ஓடிவந்தாள். இடுப்பில் அவளுடைய கடைசிப் பிள்ளை, இரண்டு வயது. அதை எடுத்து என் இடுப்பில் வைத்தாள்.

"இவளத் தூக்கிகினு போடி. ரெண்டு நாளு உங்கூட இருக்கட்டும். ஒரே அழுவை."

குழந்தை அழவே இல்லை. என் மூட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அம்மா அவள் கையைப் பிடித்து, "நீயும் வாக்கா" என்றாள்.

"நான் வந்தா அந்தாளுக்கு யாரு சோறு போடறது? சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது அதுக்கு" என்று சிரித்தாள் பெரியம்மா. அவள் கையில், அம்மா கையில் இருப்பது மாதிரியே, சம்பு கிழித்த கீறல்கள் வரிவரியாக இருந்தன. அன்றைக்கு அது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

மாடம்பாக்கம் போய்ச் சேரவில்லை நாங்கள். ரயில் ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. வழியில் சர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்கார டீச்சரம்மா வீடு. கேட்டைத் திறந்து வெளியே வந்து, "இந்தக் கண்டிஷன்ல எங்கம்மா நடக்கறீங்க? ஹஸ்பெண்ட் எங்க?" என்றார்.

"அவரு அண்ணன் பேச்ச கேட்டுகினு கீறாரு" என்றாள் அம்மா, அந்த வலியிலும்.

டீச்சரம்மா மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டுப் பாய் போட்டுக் கொடுத்தார். வலி நின்றது, வந்தது, நின்றது. மூன்றாம் நாள் மழை பிடித்தது. நான் பிரசவத்துக்குப் பயந்தேனா, மழைக்குப் பயந்தேனா என்று தெரியவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அம்மா கத்துவது கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. பிள்ளை தங்காது, பிள்ளை தங்காது என்று எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா பிள்ளையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி பிறந்து அழுதபோது என்னால் நம்ப முடியவில்லை. விரல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன்.

மழை விடவில்லை. தம்பி பிறந்த நாலாம் நாள், பகல் பத்து மணி வாக்கில் கரை உடைந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். இடுப்புக்குக் கீழே சேறு. புளியமரத்தில் ஏறித் தப்பித்தாராம். அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். உட்கார்ந்து அழுதார். பதினைந்து வீட்டில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. மற்றவர்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். பெரியம்மா மேல் சுவர் விழுந்துவிட்டது.

காரியம் முடிந்து பெரியப்பா கொட்டகை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மழித்த தலை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ பண்ண பாவம் உன் ஆத்தாள உட்டுட்டு எங்க வூட்டப் புடிச்சிகிச்சி."

அவ்வளவுதான் சொன்னார். தன் பிள்ளையைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் குருவி பார்த்து யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. பிள்ளை எங்களோடேயே தங்கிவிட்டது. ஒரு இடுப்பில் தம்பி, ஒரு இடுப்பில் தங்கச்சி என்று நான் வளைந்துபோனது அப்போதுதான்.

அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் என் பெரியம்மாவைக் கொன்றவள் என்றே நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். மூன்று பிள்ளை பெற்றேன். மூன்று தடவையும், வலி எடுக்கும்போது என் விரல் நுனியில் அந்த முட்டைச் சூடு வரும். பிள்ளை அழும்வரை எனக்கு உயிர் இருக்காது. யாரிடமும் சொன்னதில்லை. பயந்தவள் என்று பேர் வாங்க எனக்குப் பிடிக்காது.

சிறுசேரியில் அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு வாரம் தூங்கவில்லை. அம்மா ஏன் முட்டை இருக்கிறதாகப் பார்த்து எடு என்றாள்? கூடு வித்தியாசம் காட்ட வெறும் கூடு போதுமே. ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு முட்டையோடு கூட்டை அறுத்தால் ஜனம் என்ன சொல்லும் என்று தெரியாதா? நிறைமாதக்காரி தானாகக் கிளம்பிப் போக முடியாது, அப்பா விட மாட்டார். துரத்தினால் போகலாம். அவள் பெரியப்பாவிடம் கேட்டது நியாயம், அது கிடைக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதே துரத்தலைத்தான். அதற்கு என்னைச் சேற்றில் இறக்கினாள், அந்தப் பாவத்தை என் தலையில் வைத்தாள், பிறகு அதை எடுக்க மறந்துபோனாள். அல்லது எடுக்கத் தெரியவில்லை. கோபமாகத்தான் இருக்கிறது. அவள் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதே வாயால் சொல்கிறேன், அவள் செய்ததால்தான் தம்பி இருக்கிறான், நான் இருக்கிறேன்.

பெரியம்மா கையிலும் சம்புக் கீறல் இருந்தது. அவளும் அந்தக் குருவியை வருஷா வருஷம் பார்த்தவள்தான். அழாத பிள்ளையை அழுகிறது என்று சொல்லி என் இடுப்பில் வைத்தவள்.

என் தங்கச்சிக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். காது மந்தம், நாங்கள் என்ன எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா செத்தது என் பாவத்தால் என்று உறவில் யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். அவள் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று நானும் பயந்துகொண்டே இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்டேன், தலை பின்னினேன், கட்டிக்கொடுத்தேன்.

போதும், பேனாவை மூடு கண்ணு. இப்போது எழுதினதைப் படி. முதலில் இருந்து வேண்டாம், நான் எத்தனை பேரை வளர்த்தேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா ஓடிவந்து அவளை என் இடுப்பில் வைத்தாளே, குழந்தை அழவே இல்லை என்று எழுதினாயே, அந்த இடத்தில் இருந்து படி. கட்டில் பக்கம் நகர்ந்து உட்கார். உன் சின்ன ஆயா காதில் விழுகிற மாதிரி, சத்தமாகப் படி.